சாகிபின் ஜிப்பா

மதார் சாகிபு வம்சத்தில் சாம்பிராணிப் புகைக்குப் பயந்து ஓடாத சளியே கிடையாது. அந்த வம்சத்தின் இரண்டு வயது வாரிசு இக்பால், இப்போது மலேசியாவின் கோல சிலாங்கூர் கிளினிக்கில் தாய் நஜீபாவின் மடியில், மருந்தாவி முகமூடிக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறான். காலையில் சாகிபு போட்ட புகைக்குப் பிறகு, பிள்ளையின் விலாவுக்கு நடுவே தோல் குழிவதைக் கண்டவள் நஜீபா. “வெறும் சளி லா” என்ற கணவர் சாகிபைக் காரை எடுக்கவைத்தவளும் அவள்தான். மருந்தாவி இயந்திரம் உறுமுகிறது. சன்னல் வெயிலில் வெள்ளை ஆவி சுருள்கிறது. “பாத்தியா, இங்கயும் புகைதான் போடுறாங்க,” என்று சாகிபு கஞ்சி போட்ட ஜிப்பாவை நீவுகிறார். “இது மருந்து, பாய். நெஞ்ச அடைச்சது உங்க புகை,” என்கிறாள் தாதி தனேஸ்வரி.

நஜீபா பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்க்கிறாள். குழி இல்லை. விலா நிதானமாக ஏறி இறங்குகிறது. இக்பால் முகமூடியைத் தள்ளிவிட்டுப் பால் கேட்கிறான். ஊரின் மலைமேல் இருக்கும் பழைய கோட்டையையே பிடித்துவிட்டது போல அவள் நிமிர்ந்து உட்காருகிறாள். வெற்றியில் பங்கு கேட்டுச் சாகிபு மகனை வாரி அணைக்கிறார். மகன் இருமுகிறான். தனேஸ்வரி ஜிப்பாவை முகர்ந்து பார்க்கிறாள். “இதக் கழட்டிட்டுப் பிள்ளையத் தூக்குங்க, பாய்.”

பள்ளிவாசல் கமிட்டித் தலைவர் மதார் சாகிபு பனியனோடு நிற்கிறார். பனியனின் முதுகில் ஓட்டை இருக்கிறது.