நோராவின் கட்டம்

"நவம்பர் முதல் வாரம்தான். வேற வாரம்னா வேணாம்" என்று கர்ட் சொன்னதும் நோராவுக்குச் சுருக்கென்றது.

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவன் எதற்கும் அடம் பிடித்ததில்லை. என்ன சமைக்கலாம் என்றால் 'எதுவானாலும் சரி', சுவருக்கு என்ன வண்ணம் என்றால் 'உன் இஷ்டம்'. அப்பேர்ப்பட்ட மனுஷன், சிகாகோவுக்கு இரண்டு நாள் போய் வரலாம் என்றதற்கு மட்டும் தேதி பார்க்கிறான்.

"அக்டோபர் மூணாவது வாரம்தான் இலையெல்லாம் செவசெவன்னு இருக்கும். நவம்பர்ல மொட்டை மரம்தான் மிச்சம். ஏரிக்காத்துல குழந்தைங்க காது விறைச்சுப் போயிடும், கர்ட்."

"குல்லா போட்டுக்கலாம்."

ஏன் என்று எத்தனை தரம் கேட்டும், "அதான் தோதுப்படும்" என்பதோடு சரி.

அக்கா கொலீனிடம் போனில் சொல்லிப் புலம்பினாள். "இதுகூடவா புரியல? அக்டோபர்ல வில்லைத் தூக்கிட்டு மான் வேட்டைக்குப் போகணும் உன் புருஷனுக்கு. பொண்டாட்டி பிள்ளையெல்லாம் அப்புறம்தான்" என்றாள் கொலீன். இருக்கும் என்றுதான் நோராவுக்கும் பட்டது.

அவர்கள் இருக்கும் டுபுக் ஊரிலிருந்து சிகாகோ காரில் மூன்றரை மணி நேரம். எம்மெட்டுக்கு ஆறு வயசு, ஜூனிக்கு மூன்று. இந்த இரண்டு வாண்டுகளையும் கட்டி மேய்த்துக்கொண்டு அவ்வளவு பெரிய ஊருக்குப் போவதென்றால் சும்மாவா? எங்கே தள்ளுவண்டியை உள்ளே விடுவார்கள், எங்கே கழிப்பறை பக்கத்தில் இருக்கும், ஜூனி எத்தனை மணிக்குத் தூங்கி வழிவாள், எல்லாவற்றையும் யோசித்து ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். கர்ட் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை.

தாளின் தலையில் 'ஆளுக்கு ஒரு ஆசை' என்று நாலு கட்டம். எம்மெட்டுக்கு டைனோசர் எலும்பு. ஜூனிக்கு மீன். கர்ட்டுக்குத் தெருவோரக் கடையில் ஹாட் டாக். நாலாவது கட்டத்தில் நோரா என்ற பெயர் மட்டும் இருந்தது.

"உனக்கு ஒண்ணுமே எழுதலியேம்மா?" என்றான் எம்மெட்.

"எனக்கு யாரும் எழுப்பாம தூங்கணும்டா. அது எந்தக் கடையில விக்குதுன்னு கேட்டுச் சொல்லு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் விளையாட்டுக்குச் சொன்னதில்லை அது. கர்ட் பால் லாரி ஓட்டுகிறவன். வாரநாளெல்லாம் இருட்டோடு கிளம்பிவிடுவான். சனி ஞாயிறு அடித்துப் போட்டாற்போல் தூங்குவான். விடிய ஆறு மணிக்கு டாண் என்று எழுந்து குழந்தைகள் ஏறிக் குதிப்பது அம்மாவின் மேல்தான். ஜூனி பிறந்ததிலிருந்து அவள் ஒருநாள் சேர்ந்தாற்போல் தூங்கினதில்லை. அது அந்த மனுஷன் கண்ணில் பட்டதாகவே தெரியவில்லை.

அக்டோபர் மூன்றாவது வாரமும் வந்தது. கர்ட் வேட்டைக்கெல்லாம் போகவில்லை. ஏணி போட்டுக் கூரையிலிருந்து சருகு அள்ளிக்கொண்டிருந்தான். வெட்டியாகத்தானே இருக்கிறான், இன்றைக்கே போயிருக்கக் கூடாதா என்று அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

நவம்பரில் போனார்கள். அவள் சொன்னபடியே மரமெல்லாம் மொட்டை, காற்று முகத்தில் அறைந்தது. கர்ட் குல்லாவை இழுத்து இழுத்துக் குழந்தைகளின் காதை மூடினான். சனிக்கிழமை டைனோசரும் ஹாட் டாக்கும் ஆயிற்று. ஞாயிறு காலை ஒன்பதுக்கு மீன் பார்க்க டிக்கெட்.

ஞாயிறன்று நோரா கண் விழித்தபோது ஹோட்டல் அறை நிசப்தமாக இருந்தது. குழந்தைகளின் கட்டில் காலி. கர்ட்டையும் காணோம். மேஜையிலிருந்த கைக்கடிகாரத்தை எடுத்துப் பார்த்தாள். எட்டேகால்.

போச்சு. இனி எப்போது குளித்து, எப்போது கிளம்பி, எப்போது போய்ச் சேருவது? நேரத்தோடு எழுப்பிவிடக்கூட அவனுக்குத் துப்பில்லையா? அவன் மட்டும் கையில் கிடைக்கட்டும் என்று எழுந்தபோது, தலையணைக்குப் பக்கத்தில் அவளுடைய கட்டம் போட்ட தாள் கிடந்தது. பின்பக்கம் கர்ட்டின் கோணல் எழுத்து.

'பதறாதே. உன் கடிகாரம் காட்டுறதுல ஒரு மணி நேரத்தைக் கழிச்சுக்கோ. வருஷா வருஷம் நவம்பர் முதல் ஞாயிறுக்குச் செய்யற மாதிரி, குளிர்காலக் கணக்குக்கு நேத்து ராத்திரி ஊர் பூரா கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளியாச்சு. எல்லாத்தையும் யோசிச்ச நீ இதை மறந்துட்டே. நானும் ஞாபகப்படுத்தல.'

அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள்.

'புது மணிக்கு அஞ்சுக்கே ரெண்டும் எழுந்தாச்சு. கீழே கூட்டிட்டுப் போறேன். ஆறு மணிக்கு நீச்சல் குளம் திறக்குது. போன வருஷம் இதே நாள் நீ சொன்னே, ஊருக்கெல்லாம் ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம், எனக்கு மட்டும் ஒரு மணி நேரம் கூடுதல் வேலைன்னு. வீட்டுல இருந்தா எழுந்து துணி துவைக்கப் போயிடுவே. இங்கே உனக்கு ஒரு வேலையும் கிடையாது. படு.'

கொலீனிடம் அவனைப் பற்றிப் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. யாருமில்லாத அறையில் நோராவுக்கு வெட்கமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளைத் திருப்பினாள்.

நாலாவது கட்டம் காலியாக இல்லை.

'வருஷத்துல ஒரே ஒரு நாளைக்குத்தான் இருபத்தஞ்சு மணி நேரம். அதுக்குத்தான் இந்த வாரம் கேட்டேன்.'