ஒரு மாதம் முந்தி

யூனியன்வில் குளத்தின் மேல் மெல்லிய மூடுபனி மிதந்தது. திருமண இணையத்தளம் குறித்துத் தந்த முதல் சந்திப்பு. இதுவரை படத்தில்கூடப் பார்த்திராத மெலனிக்காக, றெமிஜியஸ் கரையோர வாங்கில் அமர்ந்து, கனவில் இருப்பவன்போலக் காத்திருந்தான். வெயில் ஏறியும் அவள் வரவில்லை. மனம் மாறிவிட்டாளோ என்று அவனுக்குத் துக்கமாயிருந்தது.

"ஆரைப் பாத்துக்கொண்டிருக்கிறியள்?" என்று வாங்கின் மறுமுனையில் இருந்த பெண் கேட்டாள்.

அவன் போனைக் காட்டினான். "மே ஆறு எண்டுதானே கிடக்கு?"

அவள் சிரித்தாள். "தளத்தின்ர சேர்வர் 05/06 எண்டு அனுப்பியிருக்கு. அது யூன் ஐந்து. உங்கட போன் மாசத்தை முன்னுக்கு வச்சு, மே ஆறு எண்டு வாசிச்சிட்டுது. மாசத்தின்ர பேரை எழுத்தில அனுப்பியிருந்தா இந்தக் குழப்பமே வந்திராது."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அந்தத் தளத்தை எழுதினதே நான்தான். நேற்றுத்தான் பிழையைக் கண்டுபிடிச்சன். எல்லாருக்கும் சரியான திகதியை அனுப்பிட்டன்."

"எனக்கு வரேல்லையே!"

"உங்களுக்கு மட்டும் அனுப்பேல்லை."

"ஏன்?"

அவள் குளத்தைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாள்.

"யூன் வரைக்கும் பொறுக்க ஏலாமல் இருந்துது. நான்தான் மெலனி."