மாதம் எண்பதாயிரம்

ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் ஆப்பிளும் மல்லிகைப்பூவும் இருந்த பை. மூன்று வருஷமாகப் பிரிந்திருக்கும் பெண்டாட்டி வீட்டு வாசலில் கார்த்திகேசன் நின்றுகொண்டிருந்தான். நெல்லிக்குப்பத்திலிருந்து சிதம்பரம் வரைக்கும் பஸ்ஸில் ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் அங்கேயே மறந்துபோய்விட்டது.

சந்திரலேகா தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். காலைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், "உக்காருங்க மாமா" என்றாள். அந்த 'மாமா'வில் அவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"ஆக்சிடென்ட்னு கேள்விப்பட்டேன். இப்ப எப்படி இருக்கு?"

"முட்டி மடங்கல. இனிமே மடங்காதுன்னுட்டாங்க."

டைல்ஸ் போடுகிறவனுக்கு முட்டி மடங்காவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது. பதினான்கு வருஷம் சொந்தமாகக் கான்ட்ராக்ட் எடுத்து, கடலூர் சுற்றுவட்டாரத்தில் பாதி வீடுகளுக்கு மண்டி போட்டுத் தரை போட்டவன். திருவந்திபுரம் ரோட்டில் லாரி மோதியதோடு எல்லாம் நின்றுபோனது. லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி மேல் நஷ்டஈடு கேஸ் போட்டிருக்கிறான். அது வந்தால்தான் இனி சோறு.

"நல்ல தொகையா வருமில்ல?"

"அங்கதான் சிக்கல். என்ன சம்பாரிச்சேன்னு காட்டணுமாம். வக்கீல் தேவசகாயம் சார் இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் எங்கன்னு கேக்கறாரு."

போட்டிருந்தால்தானே இருக்கும். வாங்கியதெல்லாம் ரொக்கம். பேங்க் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. வரி கட்டச் சொன்னவர்களை, "அதெல்லாம் மாசச் சம்பளம் வாங்கற ஏமாளிங்களுக்கு" என்று கிண்டல் பண்ணியே காலத்தை ஓட்டியவன். இப்போது வக்கீல், ரிட்டர்ன் இல்லாவிட்டால் கோர்ட்டில் சித்தாள் கூலியை வைத்துத்தான் நஷ்டஈடு போடுவார்கள் என்று சொல்லிவிட்டார்.

"வேலை குடுத்தவங்கள சாட்சிக்குக் கூப்புட வேண்டியதுதான?"

"கூப்புட்டேன். அவுங்களும் கணக்குல காட்டாமதான் குடுத்திருக்காங்க. ஒருத்தனும் போனே எடுக்க மாட்டேங்கறான்."

கார்த்திகேசன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "மாசம் எண்பதாயிரம் சம்பாரிச்சேன்னு உனக்குத்தான் தெரியும். நீ வந்து சொல்லணும்."

சந்திரலேகா மிஷினில் கிடந்த துணியை எடுத்து மடித்தாள். ஜீவனாம்சம் கேட்டு அவள் கோர்ட்டுக்குப் போனபோது இதே எண்பதாயிரத்தைத்தான் சொன்னாள். 'வரி கட்டுகிற அளவுக்கு வருமானமே இல்லை, மாசம் ஒன்பதாயிரம்தான்' என்று இவன் சத்தியம் பண்ணினான். நிரூபிக்க அவளிடம் ஒன்றும் இல்லாததால் மாசம் இரண்டாயிரம் என்று தீர்ப்பானது. அதை நினைக்க இப்போது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"வர்றேன்" என்றாள். "ஆனா மொதல்ல நீங்க கூண்டுல ஏறி உங்க வாயால சொல்லணும். அப்பறம்தான் நான் ஏறுவேன்."

பாவம், கோர்ட் என்றாலே அவளுக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த மாதம் கடலூர் கோர்ட்டில் கேஸ் எடுத்தார்கள். மாதம் எண்பதாயிரம் என்று கார்த்திகேசன் அழுத்தந்திருத்தமாகச் சொன்னான். இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீலம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

"எண்பதாயிரத்துக்கு வரி எவ்வளவு கட்டினீங்க?"

"கட்டலீங்க."

"ஒரு வருஷம்கூடவா?"

"இல்லீங்க."

"அப்ப கவர்மென்ட்ட ஏமாத்தினீங்களா, இல்ல இப்ப கோர்ட்ட ஏமாத்தறீங்களா?"

கார்த்திகேசன் கொஞ்சம் யோசித்தான். "கவர்மென்ட்டதாங்க" என்றான். நீதிபதி தலையை நிமிர்த்தாமல் அதையும் பதிவு செய்யச் சொன்னார்.

அடுத்து சந்திரலேகா ஏறினாள். சதுர அடிக்கு என்ன கூலி, எத்தனை ஆட்கள், சனிக்கிழமை வருகிற ரொக்கத்தை அரிசி டிரம்மில் எத்தனை பிடி அரிசிக்குக் கீழே ஒளித்துவைப்பான் என்பது வரைக்கும் பிசிறில்லாமல் சொன்னாள். பயந்தவள் மாதிரியே தெரியவில்லை.

"புருஷனுக்காகத்தான இப்படியெல்லாம் சொல்றீங்க?" என்று மடக்கினார் வக்கீலம்மா.

"பிரிஞ்சி மூணு வருஷம் ஆவுதும்மா. அவுருக்காகப் பொய் சொல்லணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?"

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். வக்கீலம்மா மேற்கொண்டு கேட்காமல் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும் தேவசகாயம், "கேஸ் ஜெயிச்சிடும்பா. அந்தம்மாவுக்குத்தான் நன்றி சொல்லணும்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். கார்த்திகேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளையா மாசம் இரண்டாயிரத்துக்கு அலையவிட்டோம் என்று இருந்தது.

"பணம் வந்ததும் உக்காந்து பாக்கற மாதிரி ஒரு கடை போட்டுடலாம்னு இருக்கேன்" என்றான். "கேட்டாண்ட ஆட்டோ நிக்குது லேகா. ஒண்ணா போலாமா?"

சந்திரலேகா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"போலாம் மாமா. மேல்மாடி குடும்ப கோர்ட்டுல எண்பதாயிரத்துக்குக் கணக்கு பண்ணி ஜீவனாம்சம் கேட்டு மனு குடுக்கப் போறேன். லிப்ட் இல்ல, மெதுவா ஏறி வாங்க."