போயிட்டு வாரேன்

நாய்களைப் பேசவைக்கும் கழுத்துப்பட்டையை மாட்டிய புதிதில், வெளியே போக வேண்டுமென்றால் ரோசி "போறேன்" என்றுதான் சொல்லும். சகாயமேரிக்குப் பொறுக்காது. "ஏட்டி, போறேன்னு சொன்னா விளங்குமா? போயிட்டு வாரேன்னு சொல்லு" என்று அதட்டி அதட்டியே பழக்கிவிட்டாள்.

இந்த மழைக்காலத்தில் ரோசியின் வாய் ஓயவில்லை. "தண்ணி தா" என்று கேட்கும். குடித்த ஈரம் காயுமுன் "போயிட்டு வாரேன்" என்று வாசலுக்கு ஓடும். அடக்க முடியாமல் கூடத்தையும் நனைத்தது. எரிச்சலில் சகாயமேரி தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து ஒளித்தாள். பட்டையின் குரலையும் அணைத்தாள்.

ரோசி சோற்றைத் தொடாமல் சுருண்டு படுத்த பிறகுதான் நாய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"கொசுக்கடியில வந்த புழும்மா. நெஞ்சுல குடியேறி, கிட்னியையும் கெடுத்துட்டு. இனி ஒண்ணும் செய்ய முடியாது. கிட்னி கெட்டா தாகம் அடங்காது, மூத்திரமும் நிக்காது. தண்ணி தண்ணின்னு கேட்டிருக்குமே?"

சகாயமேரி பட்டையின் குரலைத் திறந்தாள். உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி நீட்டினாள்.

ரோசி மோந்து பார்த்தது; குடிக்கவில்லை. வாசல் பக்கம் தலையைத் திருப்பி, அவள் பழக்கியபடியே, ஒரு சொல் பிசகாமல், "போயிட்டு வாரேன்" என்றது.