ஒப்பிட்டுப் பார்க்கிறவர்

டாக்டரம்மா மூன்று சொற்களைச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

மனைவி தலையாட்டினாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த கணவர்தான் அதிகமாகப் பதறினார். கம்ப்யூட்டர் மெக்கானிக். அவளுக்காக அந்த மூன்றையும் மனதுக்குள் இறுகப் பிடித்துக்கொண்டார். சாவி. ரோஜா. மணி.

வீட்டில் சில மாதங்களாகவே மறதி குடியேறியிருந்தது. பால் பொங்கிப் பாத்திரம் கருகியது. வாசல் கதவைத் திறந்துபோட்டபடி இருவரும் கடைக்குப் போனார்கள். யார் வேலை இது என்று அவர் கத்தும்போதெல்லாம், "நான்தாங்க, மறந்துட்டேன்" என்று அவள் குனிந்துகொள்வாள்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் மகளிடம் ஃபோனில் புலம்பிவிட்டார். மகள் ஒரே போடாகப் போட்டாள். டாக்டரும் மறதிதான் என்று சொல்லிவிட்டால் அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போய்விடுவாளாம். அப்பா கடையைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருக்கலாமாம்.

அவள் இல்லாத வீட்டில் விளக்கைப் போடுவதுகூட அவருக்கு நினைத்துப் பார்க்க முடியாத வேலை.

"நீங்க என்ன சார் பண்றீங்க?" டாக்டரம்மா பேச்சை அவர் பக்கம் திருப்பினார்.

"கம்ப்யூட்டர் ரிப்பேர் டாக்டர். நீங்க இப்ப பண்றீங்கள்ல, அதைத்தான் அதுவும் பண்ணும்."

"எது?"

தொழில் பேச்சு வந்ததும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் நம் வேலையைப் பார்க்க உடனே ஓடிவராது. முதலில் தன் மெமரியைச் சோதிக்கும். அப்போது மெமரி வெறும் காலி வீடு. ஒவ்வொரு அறையிலும் எதையாவது எழுதிவைத்து, உடனே திருப்பிப் படித்துப் பார்க்கும். எழுதினதே வந்தால் சரி, மேலே போகும். வேறு ஏதாவது வந்தால் பீப் பீப்பென்று கத்திவிட்டு அப்படியே நின்றுவிடும்.

"எழுதினது என்னன்னு சோதிக்கிறவனுக்கே மறந்துபோச்சுன்னா?"

"நல்லா கேட்டீங்க போங்க," என்று சிரித்தார். "அதைப் பத்திரமா வேற இடத்துல வெச்சிருக்கும். ஒப்பிட்டுப் பாக்கறவனுக்கு ஞாபகம் இருக்கணும்ல? இல்லேன்னா நல்ல மெமரியைப் போய்க் குத்தம் சொல்லிட்டிருக்கும்."

டாக்டரம்மாவும் சிரித்தார். மனைவி தன் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"சரிம்மா, அந்த மூணு வார்த்தை?"

மெக்கானிக் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். பரீட்சை ஹாலில் பிட் கொடுக்கிற பையனைப் போல டாக்டரம்மாவின் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த கடைச் சாவியை எடுத்து லேசாகக் குலுக்கினார்.

அவள் சாவியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"குடை."

போச்சு. மூக்கை உறிஞ்சி, ரோஜாவை முகர்வதுபோல் பாவனை செய்தார். இதைவிடத் தெளிவாக யாரால் காட்ட முடியும்?

"கிளி."

கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மணி. மணி என்று சொல்லேன். ஒன்றையாவது சரியாகச் சொல்லேன்.

அவள் கடிகாரத்தை வெகுநேரம் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"பாலம்."

மகள் பெட்டியைக் கட்டுவதும், மனைவி வாசலில் நின்று திரும்பிப் பார்ப்பதும் அவர் கண் முன்னால் வந்துபோயின.

"மூணும் சரிம்மா," என்றார் டாக்டரம்மா.

இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறார் என்றுதான் மெக்கானிக் முதலில் நினைத்தார். நன்றி சொல்ல நிமிர்ந்தார். டாக்டரம்மா மனைவியைப் பார்க்கவே இல்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்தே அப்படித்தானோ என்னவோ.

"குடை, கிளி, பாலம்," என்று மெக்கானிக் மெல்லச் சொல்லிப் பார்த்தார். முன்பின் கேட்டறியாத சொற்களாக இருந்தன.

சாவி பிடித்திருந்த கையை மனைவி இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"உங்களுக்குன்னு சொல்லிக் கூப்பிட்டிருந்தா நீங்க இந்த வாசப்படியை மிதிச்சிருப்பீங்களா?"

அவர் குனிந்து அவள் கைகளைப் பார்த்தார்.

"நம்ம பொண்ணுகிட்டயும் காலைலயே சொல்லிட்டேங்க," என்றாள். "நான் எங்கயும் வரப்போறதில்லைன்னு."