லிட்டருக்குப் பதினாலு

பெட்ரோல் குழாய் டக்கென்று நின்றுவிட்டது. பெரியவர் மீட்டரைப் பார்த்தார். பிறகு பங்க்காரனைப் பார்த்தார்.

இவ்வளவுதான் பிடித்ததா?

மீட்டர் சொன்னதும் நம்புகிற ஆளா அவர்? காரின் பின்பக்கத்தைப் பிடித்து நாலு குலுக்குக் குலுக்கினார். உள்ளே காற்று அடைத்துக்கொண்டிருக்கும், இன்னும் ஊற்று என்றார். பங்க்காரன் முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினான். கழுத்துவரை வந்து, வழிந்து, செருப்பை நனைத்த பிறகுதான் போதும் என்றார்.

இத்தனை வருஷமாக மீட்டர் கூடுதலாக ஓடுகிறது என்று சண்டை போட்டவர், இன்றைக்குக் குறைவாக ஓடுகிறதே என்று சண்டை போட்டார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. அடிக்கட்டும்.

விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்த கார். இப்போது பதினாலு.

மறுபடியும் போட்டார். பதினாலுதான்.

வீடு வரும்வரை மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சிக்னலில் நின்றபோது ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். பக்கத்து வண்டிக்காரன் பார்த்துச் சிரித்தான். முன்பின் தெரியாதவனைப் பார்த்து இவரும் சிரித்துத் தொலைத்தார்.

வாசலில் கார் நின்றதும் மகன் வந்து பானெட்டைத் தூக்கினான். இஞ்சினை நிறுத்த வேண்டாம் என்று கை காட்டினான். எவ்வளவு கொடுத்தது என்று கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

காரைப் பிரித்துப் பூட்டியது அவன்தான். வேலை முடிந்து வந்த சாயங்காலமெல்லாம் அதனடியிலேயே கிடந்தான். ஃபில்டரைத் துடைத்தான், பிளக்கைச் சுரண்டினான், டயருக்கெல்லாம் அளவாகக் காற்று வைத்தான், டிக்கியில் கிடந்த பழைய இரும்பை இறக்கிப் போட்டான். சாவியை மட்டும் பெரியவர் கொடுக்கவில்லை. அவன் ஸ்டார்ட் பண்ணச் சொன்னால் இவர் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணுவார். குடிகாரன் கையில் எவன் சாவியைக் கொடுப்பான்?

விட்டுவிட்டேன் என்கிறான். எத்தனை தரம் விட்டவன்!

மருமகள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் மாதக்கணக்காகிறது. போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். அவர் விட்டேன் என்று சொன்னால் வரமாட்டேன், மாமா சொன்னால் வருவேன்.

மாமா இன்றுவரை சொல்லவில்லை.

அது கிடக்கட்டும். இப்போது அவருக்கு மெக்கானிக்தான் வேண்டும். இஞ்சின் போய்விட்டது, தூக்கிப் போடுங்கள் என்று சொன்ன அதிமேதாவி. சீட்டில் உட்கார்ந்தபடியே அவனுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. பயந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டார்.

உடனே மணி அடித்தது. யாரென்று பார்க்கக் கண்ணாடி போடவேண்டும். அதற்கு யாருக்குப் பொறுமை? காதில் வைத்ததும் மூச்சு விடாமல் கொட்டினார்.

"இனிமே தேறாதுன்னு சொன்னியே, தேறிருச்சு. குடிக்கிறது பாதிக்குப் பாதி குறைஞ்சுபோச்சு. எவன் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன், உனக்கே தெரியும். கண்ணால பார்த்துட்டுச் சொல்றேன். முன்னெல்லாம் காலையில எழுப்பவே முடியாது, இருமிக்கிட்டே கிடக்கும். இப்ப தொட்டா எந்திரிக்குது. புகை இல்ல, வாடை இல்ல. ஒரு பக்கமாச் சாஞ்சு சாஞ்சு போனது, இப்ப நேராப் போகுது."

 மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

மெக்கானிக் எதற்கு அழுகிறான்?

"மாமா," என்றாள் மருமகள். "குறைஞ்சிருக்கா, இல்ல விட்டாச்சா?"

 பேத்தியைப் பேச வைக்க அவள் கூப்பிடுகிற நேரம் இது. பெரியவர் மறந்தே போனார்.

மகனைப் பேர் சொல்லி அவர் கூப்பிட்டு எத்தனையோ காலமாகிறது. வந்துச்சா, தின்னுச்சா, எங்க போய் விழுந்து கிடக்குது, இப்படித்தான் விசாரிப்பார். காரும் அது, மகனும் அது. பாவம், அவள் எதை எடுத்துக்கொள்வாள்?

காரைப் பற்றிச் சொன்னேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான். பொய் பேசிப் பழகாத வாய். சொல்வதற்காகத் தலையை நிமிர்த்தினார்.

தூக்கிய பானெட்டுக்குக் கீழே காரின் முன்கண்ணாடி வழியாக ஒரு இடுக்குத் தெரிந்தது. அதில் மகனின் முகம் இல்லை. கை மட்டும் இருந்தது. கார்புரேட்டர் ஸ்க்ரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டிருந்தான். சத்தம் மெலிந்தது. இன்னொரு மயிரிழை. இன்னும் மெலிந்தது.

டம்ளரைப் பிடித்தால் பாதி டீயைத் தரைக்குக் கொடுத்த கை அது.

இஞ்சின் மொத்தமும் அதிர்ந்துகொண்டிருந்தது. கை அதிரவில்லை.

ராத்திரி அவன் வந்ததும் பக்கத்தில் போய் மோந்து பார்ப்பார். நாற்றம் இல்லாவிட்டால் ஏலக்காய் மென்றுவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வார். வாய்க்கு ஏலக்காய் போடலாம். கைக்கு என்னத்தைப் போடுவது?

அவள் மறுபடியும் மாமா என்றாள்.

"விட்டாச்சும்மா," என்றார்.  "நீ பஸ்ஸு கிஸ்ஸுன்னு அலையாதே. கார் டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கு. அவனே ஓட்டிக்கிட்டு வருவான்."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கீழே இறங்கிச் சுற்றி வரக்கூடப் பொறுமையில்லாமல், கியரைத் தாண்டிப் பக்கத்து சீட்டுக்குக் காலைத் தூக்கிப் போட்டார். வேட்டி மாட்டியது. முழங்கை ஹாரனில் இடித்தது.

மகன் பதறிப்போய் பானெட்டுக்குப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தான்.

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுகிற சீட்டில் யாரும் இல்லை.