முதல் வாய்ச் சோறு

"இன்னிக்காவது வாய் தொறந்துச்சா?"

ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் முதல் ஷிஃப்ட் முடிந்து வடக்குப்பட்டுக்கு வந்த மைக்கேல்ராஜ், சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே மனைவியிடம் கேட்டான்.

"எங்க தொறக்குது? கொழகொழன்னு கரைச்சுக் குடுத்தாலும் கடவாய்ல வழிஞ்சிடுது," என்றாள் கிளாரா. "'ஆ' காட்டிக் காட்டி என் வாய்தான் நோவுது."

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"தொண்டையில கோளாறு இல்லையாம். வாயைத் தொறக்கப் பழகணும், இல்லைன்னா ஒடம்பு தாங்காதுன்னுட்டாரு."

மைக்கேல்ராஜ் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவசரமாக உள்ளே வந்தான்.

"பயப்படாதீங்க. இன்னிக்கு வேற மாதிரி பண்ணிப் பார்க்கப் போறேன்."

பருப்புச் சோற்றை நெய் விட்டு மசித்து, ஸ்பூனோடு வந்தாள் கிளாரா. ஆறு மாதக் குழந்தை ஸ்டெல்லாவை மடியில் வைத்துக்கொண்டு, "ஆ..." என்றாள்.

குழந்தை குருவிக்குஞ்சு போல வாயைத் திறந்தது. நாக்கைச் சுழற்றி, முகத்தைச் சுளித்து, கடைசியில் முழுங்கியே விட்டது.

"பாப்பா சோறு துன்னுட்டாடி!" என்று கத்தினான் மைக்கேல்ராஜ்.

"அவ துன்னுவான்னு எனக்குத் தெரியும். நீங்க கட்டிலைப் பாருங்க."

குழந்தையைக் கட்டிலுக்கு நேரெதிரே அவள் பிடித்திருந்தது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வாதம் வந்த நாளிலிருந்து பல்லை இறுக்கிக்கொண்டு கிடந்த அவன் அப்பா, பேத்தியின் வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஸ்டெல்லா மறுபடி 'ஆ' காட்டியபோது, அவர் உதடும் நடுங்கி, மெல்லப் பிரிந்தது.

கிளாரா ஸ்பூனை அவர் பக்கம் திருப்பினாள்.

மைக்கேல்ராஜின் வாயும் தானாகத் திறந்துகொண்டது. அப்பாவின் தொண்டை ஏறி இறங்கும்வரை அது மூடவேயில்லை.